மனத்தில் எழுந்த கோயிலும் எரியும் சிதையும்: அனுக் அருட்பிரகாசத்தின் நாவலில் பூசலார் கதை

ஆய்வுச் சுருக்கம்

இலங்கைத் தமிழரான அனுக் அருட்பிரகாசம் ஆங்கிலத்தில் எழுதி 2021இல் வெளிவந்த 'எ பாஸேஜ் நார்த்' (வடக்கு நோக்கிய ஒரு பயணம் என்பது பொருள்) என்னும் நாவல், 2009இல் முடிவுற்ற ஈழப்போருக்குப் பிந்தைய துயரையும் உயிர்வாழ்தலையும் பேசுகிறது. பெரியபுராணத்துப் பூசலார் நாயனார் கதை இந்நாவலில் எடுத்தாளப்படுகிறது. போர்க்களத்தில் இல்லாத ஒருவன் இறந்தோருக்காகத் தன் மனத்தில் நினைவிடம் ஒன்றைக் கட்டுவதற்கு அக்கதை ஒப்புமையாக நிற்கிறது. இவ்வொப்புமை எங்குப் பொருந்துகிறது, எங்கு முறிகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பூசலாரின் ஊராகிய திருநின்றவூரும் ஈழத்தமிழர் முகாம் அமைந்த கும்மிடிப்பூண்டியும் இன்று ஒரே மாவட்டத்தில் உள்ளன. அந்நிலத்திலிருந்து வாசிக்கும்போது பூசலார் கதை நாவலின் நாயகனைவிட வேறு சிலருக்கே நெருக்கமாகிறது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: ஈழப்போர், துயர இலக்கியம், பூசலார், கையறுநிலை, நினைவிடம், சாட்சியம், ஏதிலியர்.

முன்னுரை

இறந்தோரை எண்ணி இருப்போர் வருந்துவதைப் பாடும் துறைக்குத் தமிழ் மரபு 'கையறுநிலை' என்று பெயரிட்டுள்ளது. தொல்காப்பியம் அதனைக் காஞ்சித்திணையுள் வைக்கிறது. புறநானூற்றுக் கையறுநிலைப் பாடல்கள் பொதுவியல் திணையில் அமைகின்றன. அத்துயரின் சாரம் கண்ணீர் என்றோ இழப்பு என்றோ இப்பெயர் சொல்லவில்லை. செய்வதற்கு ஒன்றுமில்லாத நிலை என்றே சொல்கிறது. துயருற்றவர் எதைச் செய்ய இயலும் என்னும் வினா இப்பெயரிலேயே அடங்கியுள்ளது.

2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிவுற்ற போர், தமிழ்ப் புனைகதையில் இவ்வினாவை மீண்டும் எழுப்பியது. ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த வல்லுநர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கை, போரின் இறுதிக் கட்டத்தில் 40,000 வரையிலான பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்றது. தமிழ்க்கவியின் 'ஊழிக்காலம்' (2013), சயந்தனின் 'ஆதிரை' (2015) முதலிய நாவல்கள் அழிவை அதற்குள்ளிருந்து கூறின. அருட்பிரகாசத்தின் முதல் நாவலான 'தி ஸ்டோரி ஆஃப் எ ப்ரீஃப் மேரேஜ்' (2016) போரின் கடைசி நாள்களில் ஏதிலியர் முகாமொன்றில் நிகழ்வது. தெற்காசிய இலக்கியத்துக்கான டி.எஸ்.சி. பரிசை 2017இல் பெற்றது. அவருடைய இரண்டாம் நாவல் களத்திலிருந்து விலகி நிற்கிறது. அழிவின்போது அங்கு இல்லாதவனே அதன் மையம். 2021ஆம் ஆண்டின் புக்கர் பரிசுக் குறும்பட்டியலில் இடம்பெற்ற இந்நாவல் ஆங்கிலத்தில் பரவலாகப் பேசப்பட்டது. அதன் தமிழ் மூலக்கதை ஒன்று நாவலில் ஆற்றும் பணியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாவலின் அமைப்பு

செய்தி, பயணம், எரிதல் எனப் பொருள்படும் தலைப்புகளில் நாவல் மூன்று பகுதிகளாக அமைந்துள்ளது. கொழும்பில் வாழும் கிருஷன் என்னும் இளைஞனுக்கு ஒரு மாலையில் தொலைபேசி வருகிறது. அவனுடைய அப்பம்மாவைப் பேணிவந்த ராணி என்னும் பெண், விடுப்பில் சென்றிருந்த தன் வடக்கத்திய ஊரில் கிணற்றில் விழுந்து இறந்துவிட்டாள் என்பதே செய்தி. கிருஷன் தொடர்வண்டியில் வடக்கே சென்று, இறுதிச் சடங்கில் கலந்துகொள்கிறான். சிதை எரிவதுடன் நாவல் முடிகிறது.

புறநிகழ்ச்சிகள் இவ்வளவே. எஞ்சிய அனைத்தும் நினைவு. டெல்லியில் அவன் காதலித்த அஞ்சும் என்னும் பெண், முதுமையில் தளரும் அப்பம்மா, வடகிழக்கில் அவன் தொண்டு நிறுவனமொன்றில் பணியாற்றிய காலம் ஆகியவை நீண்ட வாக்கியங்களில் விரிகின்றன. நேர் உரையாடல் நாவலில் இல்லை. பாத்திரங்கள் பேசியவை அனைத்தும் கிருஷனின் நினைவு வழியாகவே வாசகரை அடைகின்றன. மொழிநடையே ஒரு மனத்தின் உட்புறமாக அமைவதால், மனத்துள் கட்டுதல் என்னும் கருத்து கதைப்பொருளாக மட்டுமன்றி எடுத்துரைப்பு முறையாகவும் ஆகிறது.

கிருஷனின் நினைவோட்டத்தில் பழைய நூல்கள் சில வந்து சேர்கின்றன. காளிதாசரின் 'மேகதூதம்', அசுவகோசரின் 'புத்தசரிதம்' ஆகியவற்றுடன் பெரியபுராணமும் இடம்பெறுகிறது. முதலிரண்டும் பிரிவையும் துறவையும் பேசப் பயன்படுகின்றன. இறந்தோரை நினைத்தல் என்னும் நாவலின் மையச் சிக்கலை நேரடியாகத் தொடுவது பெரியபுராணத்துப் பூசலார் கதையே.

பெரியபுராணத்தில் பூசலார்

கி.பி. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் பூசலார் கதை 18 பாடல்களில் அமைந்த சிறு பகுதி. தொண்டை நாட்டு நின்றவூரில் வாழ்ந்த அந்தணரான பூசலார் சிவனுக்குக் கோயில் எடுக்க விரும்பினார். பொருள் தேடி எங்கும் அலைந்தும் கிடைக்கவில்லை. எனவே மனத்தினாலேயே கோயில் கட்டத் துணிந்தார்.

அவர் கோயிலைக் கனவு காணவில்லை, கட்டினார். இவ்வேறுபாட்டைச் சேக்கிழார் மிகக் கவனமாகப் பேணுகிறார். நிதியை மனத்தால் சேர்க்கிறார்; தச்சரையும் வேண்டிய கருவிகளையும் மனத்தால் தேடுகிறார்; நல்ல நாள் பார்த்துத் தொடங்குகிறார்; இரவிலும் உறங்காது பணி செய்கிறார். அடித்தளம் முதல் சிகரம் வரை உறுப்பு உறுப்பாக நாள்கள் பல செலவிட்டு முடிக்கிறார். சுதை வேலை, கிணறு, திருக்குளம், சுற்றுமதில் என எதுவும் விடுபடவில்லை. மனத்தில் கட்டுவதாலேயே ஒரு நொடியில் முடித்துவிடும் உரிமையை அவர் எடுத்துக்கொள்வதில்லை. பொருளின் வறுமையை உழைப்பின் முழுமையால் ஈடுசெய்கிறார்.

அதே காலத்தில் காடவர் கோமான் ஒருவன் காஞ்சியில் பெரும் கற்றளி எடுக்கிறான். இவன் ஏறத்தாழ கி.பி. 700 முதல் 728 வரை ஆண்ட பல்லவன் இராசசிம்மன் என்றும், கோயில் கைலாசநாதர் கோயில் என்றும் ஆய்வாளர் கொள்வர். குடமுழுக்குக்கு முதல் நாள் சிவன் அரசன் கனவில் தோன்றி, நின்றவூர்ப் பூசல் நெடுநாள் நினைந்து செய்த கோயிலில் நாளை தாம் புகவிருப்பதால் அரசன் தன் விழாவைத் தள்ளிவைக்க வேண்டும் என்கிறார். அரசன் நின்றவூருக்கு வந்து கோயிலைத் தேடுகிறான். அப்படியொரு கோயில் அங்கில்லை என்கின்றனர் ஊரார். பூசலாரோ நிகழ்ந்ததைக் கேட்டு அஞ்சி வியந்து, தாம் மனத்தால் செய்ததை உரைக்கிறார். அரசன் வணங்கித் திரும்புகிறான்.

கிருஷனின் மனக்கட்டுமானம்

போர் முடிந்த காலத்தில் கிருஷன் டெல்லியில் மாணவன். கொலைகளின் படங்களும் காணொளிகளும் இணையத்தில் வெளிவருகின்றன. 2011இல் பிரித்தானியாவின் சேனல் 4 தொலைக்காட்சி ஒளிபரப்பிய ஆவணப்படம் இவ்வகைக் காட்சிகளை உலகறியச் செய்தது நாவலுக்கு வெளியேயுள்ள வரலாறு. கிருஷன் இத்தகைய காட்சிகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறான், செய்திகளைத் திரட்டுகிறான், எப்போது எங்கே என்ன நடந்தது என்பதை மனத்துள் ஒழுங்குபடுத்துகிறான். பெயரறியாது இறந்தோருக்கு இவ்வாறு தனக்குள் ஒரு நினைவிடம் எழுப்ப முடியும் என்பதுபோல் அவன் செயல்படுகிறான். பூசலார் கதை இச்செயலுக்கே ஒப்பாகிறது.

மூன்று கூறுகளில் ஒப்புமை பொருந்துகிறது. முதலாவது, இருவருமே பொருள்வடிவில் எதையும் எழுப்ப இயலாதவர்கள். இரண்டாவது, இருவரும் நுணுக்கமான உழைப்பால் அவ்வியலாமையை எதிர்கொள்கின்றனர். மூன்றாவது, இருவர் செய்வதும் அருகிலிருப்போர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. கையறுநிலையில் செய்யத்தக்க ஒரே செயல் மனச்செயல் என்னும் கருத்துக்குத் தமிழ் மரபில் பூசலாரைவிடப் பொருத்தமான முன்மாதிரி இல்லை.

இக்கருத்து ஈழச் சூழலில் அரசியல் பொருளும் பெறுகிறது. போர் முடிந்தபின் விடுதலைப் புலிகளின் மாவீரர் துயிலும் இல்லங்கள் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. கோப்பாயில் துயிலும் இல்லம் இருந்த நிலத்தில் படைத் தலைமையகம் கட்டப்பட்டு 2011இல் திறக்கப்பட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் எழுப்பப்பட்டிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி 2021 ஜனவரி 8 இரவில் இடிக்கப்பட்டது. எதிர்ப்புக்குப் பின் அதே ஆண்டு ஏப்ரலில் மீண்டும் எழுந்தது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல் என நடுகல் எடுக்கும் முறையையே தொல்காப்பியம் இலக்கணமாக வகுத்துள்ளது. அத்தகைய மரபினருக்குக் கல் நடும் இடம் மறுக்கப்படும்போது மனம் ஒன்றே எஞ்சிய நிலமாகிறது.

இங்கு ஒரு தலைகீழாக்கம் கருதத்தக்கது. பூசலாரின் மனக்கோயிலை நினைவுகூரும் வகையில் திருநின்றவூரில் இருதயாலீசுவரர் கோயில் பிற்காலத்தில் கல்லாகவே எழுந்தது. நின்றவூரில் மனத்திலிருந்தது கல்லாயிற்று; வடகிழக்கில் கல்லாயிருந்தது மனத்துக்குத் திரும்பியது.

சாட்சி என்னும் சிக்கல்

எனினும் ஒப்புமை ஓரிடத்தில் முறிகிறது. பூசலார் கதையின் திருப்பம் கட்டுமானத்தில் இல்லை, கனவில் உள்ளது. சிவன் அரசனிடம் கூறியிராவிட்டால் நின்றவூரார் சொன்னதே உண்மையாகியிருக்கும்: அங்குக் கோயில் இல்லை. மனத்துள் நிகழ்ந்த ஒன்றுக்கு வெளியிலிருந்து சாட்சி கிடைப்பதே அதனை உண்மையாக்குகிறது. அதிலும் அச்சாட்சியைத் தாங்கி வருபவன் அரசன். கல்லால் கட்டும் ஆற்றலுடைய அதிகாரம், கட்ட இயலாத ஏழையின் முன் பணிந்து தன் நாளை மாற்றிக்கொள்கிறது.

கிருஷனின் நினைவிடத்துக்கு அத்தகைய சாட்சி இல்லை. எந்தத் தெய்வமும் அதில் புக ஒரு நாளைக் குறிக்கவில்லை; எந்த அரசும் அதை வணங்க வரவில்லை. அவன் வாழும் நாட்டின் அரசு, அங்கு ஒன்றும் நிகழவில்லை என்று கூறிய ஊராரின் நிலையிலேயே நிற்கிறது. பக்தி இலக்கியத்தில் அருளால் முடியும் கதை, உலகியல் நாவலில் முடிவின்றி நீள்கிறது. பூசலாரின் பணிக்குச் சிகரமும் குடமுழுக்கு நாளும் உண்டு. கிருஷன் பார்க்கும் படங்களுக்கோ எல்லை இல்லை. தன் ஈடுபாட்டில் இறந்தோர் மீதான அன்பு எவ்வளவு, அங்கு இல்லாமற்போன குற்றவுணர்வு எவ்வளவு என்று அவனே ஐயுறுகிறான். இவ்வையத்தை மறைக்காமையே நாவலின் நேர்மை.

ராணி: நினைவைக் கட்ட வேண்டியிராதவள்

மனக்கட்டுமானத்தின் எல்லையை நாவல் ராணியின் வழியே காட்டுகிறது. ராணியின் மூத்த மகன் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் போரிட்டு இறந்தவன். இளைய மகன் சிறுவன். போர் முடிவதற்கு முந்தைய நாள் எறிகணைச் சிதறல் பட்டு இறந்தான். உளநோய்க்காக மின்னதிர்ச்சிச் சிகிச்சை பெற்றுவந்த நிலையில் கிருஷன் அவளைச் சந்திக்கிறான். கொழும்புக்கு வந்து அப்பம்மாவைப் பார்த்துக்கொள்ள முடியுமா எனக் கேட்கிறான். முதுமையால் தளர்ந்த ஒருத்திக்கும் துயரால் தளர்ந்த ஒருத்திக்கும் இடையே உருவாகும் தோழமை நாவலின் ஈரமான பகுதி.

கிருஷன் உழைத்துச் சேர்க்கும் காட்சிகள் ராணியிடம் கேளாமலே வருகின்றன. அவற்றை நிறுத்தவே அவளுக்கு மருத்துவம் தேவைப்படுகிறது. ஒருவர் நினைவில் கொள்ள முயல்கிறார். மற்றவர் நினைவிலிருந்து விடுபட முடியாமல் இருக்கிறார். இவ்விரண்டையும் 'துயர்' என்னும் ஒரே சொல்லால் குறிப்பது பொருந்துமா என்பது நாவல் எழுப்பும் கூர்மையான வினா. பூசலாரின் தெய்வம் அவர் அழைக்கும்வரை காத்திருந்து, அவர் குறித்த நாளில் புகுகிறது. ராணியின் மனத்தில் புகுந்தது எந்த நாளையும் கேட்டு வரவில்லை.

அவளுடைய இறப்பு தற்செயலா, அவளே தேடிக்கொண்டதா என்பதை நாவல் முடிவு செய்வதில்லை. கிருஷன் எவ்வளவு எண்ணியும் அவ்விடை கிட்டவில்லை. பிறர் துயரை மனத்துள் முழுமையாகக் கட்டிவிட முடியும் என்னும் நம்பிக்கை இங்கே தகர்கிறது. உயிர் பிழைத்தலைப் பேரழிவிலிருந்து தப்பிய ஒரு நொடியாகக் கருதும் பொதுப்பார்வையையும் நாவல் இவ்விடத்தில் மறுக்கிறது. ராணி 2009இல் உயிர் பிழைத்தவள். ஆயினும் அப்பிழைத்தல் ஒவ்வொரு நாளும் மீண்டும் செய்யப்பட வேண்டிய பணியாக இருந்தது.

ஒப்பாரி, பறை, சிதை

நாவலின் மூன்றாம் பகுதி மனத்திலிருந்து உடலுக்கு நகர்கிறது. கிருஷன் சாவு வீட்டுக்குச் செல்கிறான். பறை ஒலிக்கிறது, பெண்கள் கூடி ஒப்பாரி வைக்கின்றனர், சுடுகாட்டுக்கு ஊர்வலம் நடக்கிறது. இதுவரை வரலாற்றையும் நூல்களையும் எண்ணிக்கொண்டே வந்த நடை, சடங்கின் சிறு செயல்களைப் பார்த்தறியும் நடையாகிறது.

ஒப்பாரி இங்குப் பெறும் இடம் குறிப்பிடத்தக்கது. தனிமனத்தின் துயரைக் கூட்டத்தின் ஒலியாக மாற்றும் கலை அது. தனக்கு நேர்ந்த இழப்பையும் சேர்த்தழும் உரிமையை அது வந்திருக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் வழங்குகிறது. போர்க்காலத்தில் உடல் கிடைக்காமலும் சடங்கின்றியும் போனவர் பலர். ஆகவே ராணிக்காக எழும் ஓலம் அவளுக்காக மட்டும் எழுவதாகக் கொள்ள இயலாது. கையறுநிலையில் செய்யத்தக்க செயல் ஒன்று உண்டு என்பதைத் தமிழ்ச் சமூகம் ஒப்பாரியிலும் பறையிலும் ஏற்கெனவே அறிந்து வைத்திருந்தது. பூசலாருக்குக் கனவு செய்த பணியை இங்கு ஊர் செய்கிறது. உள்ளே நிகழ்ந்ததற்குக் கூடி நிற்போர் சாட்சியாகின்றனர்.

இவ்வகையில், மனத்தில் எழும் கோயிலை முன்வைத்த நாவல், எரியும் சிதையின் முன் முடிவது தற்செயலன்று. கோயில் நிலைப்பது, சிதை எரிந்து தீர்வது. நினைவை நிலைக்கச் செய்வதுடன், தீர வேண்டியதைத் தீரவிடுதலும் துயரின் கடமை என்பதை இம்முடிவு உணர்த்துகிறது.

திருவள்ளூரிலிருந்து ஒரு வாசிப்பு

பூசலாரின் நின்றவூர் இன்று சென்னை–அரக்கோணம் தொடர்வண்டித் தடத்தில் உள்ள திருநின்றவூர். அது அமைந்துள்ள திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்கில், தொழிற்பேட்டையால் அறியப்படும் கும்மிடிப்பூண்டியில், இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று உள்ளது. 1983 கலவரத்துக்குப் பின் அலையலையாகத் தமிழ்நாடு வந்தோருக்கென அமைந்த முகாம்கள் 2021 வரை அகதிகள் முகாம் எனப்பட்டன. அவ்வாண்டு தமிழ்நாடு அரசு அவற்றை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் என்று பெயர் மாற்றியது. முகாம்வாழ் ஆண்கள் பலர் பெயிண்ட் அடித்தல் போன்ற கூலிவேலையில் பிழைப்பவர். 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் இவர்களை உள்ளடக்கவில்லை.

2009இல் இவர்களும் கிருஷனைப்போல் களத்துக்கு வெளியே இருந்தனர். இவர்களுக்கும் போரின் முடிவு தொலைக்காட்சி வழியாகவும் தொலைபேசி வழியாகவுமே வந்தது. ஆனால் இரு வேறுபாடுகள் உள்ளன. கிருஷன் படங்களில் கண்டவர்கள் பெயரறியாதவர்கள். முகாமிலிருந்தோரில் பலருக்கோ அங்கே உறவினர் இருந்தனர். கிருஷனால் செய்தி வந்தவுடன் தொடர்வண்டி ஏறிச் சாவு வீட்டை அடைய முடிகிறது. போரில் சிதைந்த வடக்குத் தடத்தில் 2013இல் கிளிநொச்சி வரை வண்டிப் போக்குவரத்து மீண்டது அவனுக்குத் துணையாகிறது. முகாமில் பதிவு பெற்று, வருகைக் கணக்கெடுப்புக்கும் அனுமதிக்கும் உட்பட்டு, கடவுச்சீட்டும் குடியுரிமையும் இன்றி வாழ்பவருக்கு அப்பயணம் எளிதன்று. சென்றால் திரும்பி வருவதும் உறுதியன்று.

நாவல் கண்ட தீர்வு சடங்கில் உடலோடு கலந்துகொள்ளுதல். அது பயண உரிமை உடையவருக்கே வாய்க்கும் தீர்வு. கிருஷன் மனக்கட்டுமானத்திலிருந்து சிதைக்கு நகர முடிந்தது. முகாம்வாசி மனக்கட்டுமானத்திலேயே நிற்க நேர்கிறது. பெரியபுராணத்தில் பூசலார் மனத்தில் கட்டியதற்குக் காரணம் வறுமை என்பதை இங்கு மீண்டும் நினைவுகூர வேண்டும். மனத்தில் கட்டுவது அவருடைய தெரிவன்று, வேறு வழியின்மை. அவ்வகையில் நின்றவூர்ப் பூசலாரின் உண்மையான வழித்தோன்றல்கள், கல்வியும் பயணமும் வாய்த்த கிருஷன் போன்றோர் அல்லர். ஊருக்குச் செல்ல இயலாமல், அங்கு இறந்தவருக்கு இங்கேயே திதி கொடுக்கும் கும்மிடிப்பூண்டி மக்களே அவர்கள்.

இது நாவலின் குறை என்று கொள்வதற்கில்லை. கிருஷனின் ஐயங்களை மறைக்காத படைப்பு என்பதாலேயே இவ்வாசிப்பு இயலுகிறது. ஆயினும் ஆங்கிலத் திறனாய்வில் பூசலார் கதை அழகிய உருவகமாக மட்டும் நின்றுவிடக்கூடும். அக்கதை எழுந்த நிலத்தில், அதன் வறுமைக் கூறு உருவகமாக இல்லை. நாள்தோறும் வாழப்படும் நிலையாக உள்ளது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழிப் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. அருட்பிரகாசத்தின் நாவலில் பூசலார் கதை ஓர் அணியாக வருவதன்று. இல்லாதவனின் துயர் எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதை அளக்கும் கருவியாக அமைகிறது.

2. கல்லால் நினைவிடம் எழுப்ப இயலாத சூழலில் மனச்செயலே எஞ்சுகிறது என்பதில் ஒப்புமை பொருந்துகிறது. பூசலாருக்குக் கிட்டிய சாட்சி கிருஷனுக்குக் கிட்டாமையில் அது முறிகிறது.

3. ராணியின் பாத்திரம் நினைக்க முயலும் துயரையும் மறக்க இயலாத துயரையும் வேறுபடுத்துகிறது. உயிர்வாழ்தல் முடிந்துபோன நிகழ்வன்று, நாள்தோறும் தொடரும் பணி என்பதையும் அது நிறுவுகிறது.

4. ஒப்பாரியும் பறையும் சிதையும் தனிமனத்தின் துயருக்கு ஊரைச் சாட்சியாக்குகின்றன. கையறுநிலைக்கு நாவல் தரும் விடை இதுவே. ஆனால் அவ்விடை சடங்கில் கலந்துகொள்ளும் உரிமையைச் சார்ந்தது.

5. அவ்வுரிமை இல்லாதவர்களின் துயரை எழுதும் நாவலுக்குப் பூசலார் கதை இன்னும் திறந்தே உள்ளது. தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்வோரின் எழுத்தும் வாய்மொழி வழக்காறும் இந்நோக்கில் ஆராயப்படுமானால், ஈழத்துயர் இலக்கியம் பற்றிய புரிதல் விரிவடையும். அத்தகைய ஆய்வு நின்றவூருக்கு வந்து கோயில் எங்கே என்று கேட்ட அரசனின் பணியை ஒத்தது. இல்லை என்று ஊரார் சொன்ன பின்னும் அவன் திரும்பிவிடவில்லை. கட்டியவரையே தேடிச் சென்று கேட்டான்.